டாம், சப், ஸ்விட்ச்: ஆண் துணை தேடும் ஆண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கான ஒரு சிறு ஆதரவுக் குழுவில் வாரத்துக்கு இரண்டு மாலைகள் தொலைபேசியை எடுப்பது என் வேலை. வீட்டுப் பிரச்சினை, வேலை, காதல் முறிவு என்று தொடங்கும் பேச்சு பத்து நிமிடம் ஓடிய பிறகு, "அண்ணா, இன்னொண்ணு கேக்கணும், தப்பா நினைக்கக் கூடாது" என்று குரல் தாழும்போதுதான் பெரும்பாலும் இந்தக் கேள்விகள் வெளிவரும். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் பேச்சு நடையிலேயே, ஆள் அடையாளம் மட்டும் தெரியாதபடி இங்கே தொகுத்திருக்கிறேன். 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே இது உரியது.

டாம், சப்னு ஆப்ல போட்டிருக்காங்களே, அப்படின்னா என்ன அண்ணா?

நெருக்கமான பொழுதில் என்ன நடக்க வேண்டும் என்பதைத் தன் கையில் எடுத்துக்கொள்ள விரும்புபவர் டாமினன்ட், சுருக்கமாக டாம். அந்தப் பொழுதுக்கு அப்பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் சொல்படி நடப்பதில் நிறைவு காண்பவர் சப்மிசிவ், சுருக்கமாக சப். சிலருக்கு ஒரு கண்டிப்பான குரலும் "நான் சொல்ற வரைக்கும் அசையாதே" என்ற ஒரு வரியும் போதும். சிலருக்குக் கைகளைக் கட்டுவது வேண்டும், சிலருக்கு வலியும் வேண்டும். அடங்க விரும்புபவர் எல்லோரும் வலியை விரும்புவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு முதல் சந்திப்பிலேயே பயந்து ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

தமிழில் இதற்கென்று நிலைத்த சொற்கள் இன்னும் அமையவில்லை. "ஆதிக்கம்", "அடிமை" என்று பெயர்த்தால் அரசியல் மேடைப் பேச்சு போல ஒலிக்கிறது. அதனால் புழக்கத்தில் உள்ள டாம், சப் என்ற சொற்களையே இங்கும் பயன்படுத்துகிறேன்.

டாப்னா டாம், பாட்டம்னா சப். அவ்வளவுதானே?

இல்லை. டாப், பாட்டம் என்பவை உடலுறவில் யார் எந்த இடத்தில் இருக்கிறார் (நுழைப்பவர் டாப், ஏற்பவர் பாட்டம்) என்பதைக் குறிப்பவை. டாம், சப் என்பவை யார் நடத்துகிறார், யார் நடத்தப்படுகிறார் என்பதைக் குறிப்பவை. பாட்டமாக இருந்துகொண்டே, எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கட்டளையிடுகிறவர்கள் உண்டு. சொன்னதை மட்டும் செய்கிற டாப்களும் உண்டு. உடலுறவே வேண்டாம், கட்டளைக்குப் பணிவது மட்டும் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நம் ஊரில் ஒரு பழைய காரணமும் உண்டு. ஆப்கள் வருவதற்கு முன்பே கோத்தி, பந்தி, டபுள் டெக்கர் (இரு இடத்திலும் இருப்பவர்) என்ற சொற்கள் இங்கே புழங்கின. எச்ஐவி தடுப்புத் திட்டங்களின் பேச்சிலும் அவை ஏறின. கோத்தி என்றால் நளினமான உடல்மொழி, பாட்டம், பணிந்து போகிறவர் என்றும், பந்தி என்றால் மீசை, டாப், அதட்டுகிறவர் என்றும் நடை, இடம், குணம் மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார்கள். மேல்நாட்டிலும் இது அவ்வளவு வேறாக இருந்ததில்லை. 1970-களில் அமெரிக்க நகரங்களின் ஆண்கள் கால்சட்டையின் பின்பையில் வண்ணக் கைக்குட்டை செருகித் தம் விருப்பத்தைக் காட்டியபோது, இடப்பக்கம் என்றால் செய்கிறவர், வலப்பக்கம் என்றால் செய்துகொள்கிறவர் என்று இரண்டே பைகள்தான் இருந்தன. என் கருத்தில் மூன்றையும் தனித்தனியாகக் கேட்பதே நல்லது: உங்கள் நடை எப்படி, படுக்கையில் எந்த இடம், யார் நடத்த வேண்டும்.

எனக்கு ரெண்டுமே பிடிக்குது. ஆளைப் பொறுத்து மாறுது. நான் குழம்பிப் போயிருக்கேனா?

குழப்பம் ஒன்றும் இல்லை. இதற்கு ஸ்விட்ச் என்று பெயர். ஒருவரிடம் அடங்கத் தோன்றி, இன்னொருவரிடம் நடத்தத் தோன்றுவதும், அதே ஆளிடமே மாதத்துக்கு மாதம் மாறுவதும் வழக்கமானவைதான்.

இது வியாதியா? டாக்டர்கிட்ட போனா சரியாகுமா?

வியாதி என்று எழுதி வைத்த காலம் ஒன்று இருந்தது. கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விருப்பங்களுக்குப் பெயர் சூட்டி நோய்ப் பட்டியலில் சேர்த்தார். நூறாண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெயர்ச்சீட்டு ஒட்டியே இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு, வழக்கத்துக்கு மாறான விருப்பம் இருப்பதையும் அது ஒருவருக்குக் கடும் மன உளைச்சலையோ பிறருக்குத் தீங்கையோ தருவதையும் பிரித்து, பின்னதை மட்டுமே கோளாறு என்றது. உலக சுகாதார அமைப்பின் பதினோராவது நோய் வகைப்பாடு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இருவரும் ஒப்பி ஈடுபடும் இவ்வகை விருப்பங்கள் நோயாக இடம்பெறவில்லை. விருப்பமில்லாதவர் மீது வன்முறை செலுத்தும் தூண்டுதல் கோளாறாக நிற்கிறது.

ஆணை விரும்புவதையே மாற்றித் தருகிறேன் என்று எந்த மருத்துவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று அளித்த உத்தரவு அத்தகைய சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்றது. ஆனால் மனம் தாங்காத நாட்களில் பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்பது வேறு விஷயம். அதற்கு 14416 என்ற அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

ஆபீஸ்ல நாப்பது பேரை மேய்க்கிறேன். சாயந்தரம் ஆனா யாராவது என்னை அதட்டி உட்கார வைக்கணும்னு இருக்கு. ஏன் இப்படி?

நாள் முழுதும் முடிவெடுத்துக் களைத்தவர் இரண்டு மணி நேரம் அந்தச் சுமையை இறக்கி வைக்க ஆசைப்படுவதாகப் பலர் விளக்குகிறார்கள். கேட்கப் பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் நாள் முழுதும் முதலாளியிடம் திட்டு வாங்கும் கடைப் பையனும் அடங்கவே விரும்புகிறான் என்று அழைக்கும்போது இந்த விளக்கம் கையைப் பிசைகிறது. சிறுவயதில் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று எல்லோரையும் சந்தேகிப்பதும் தவறு. காரணம் தேடுவதைவிட, இது உங்கள் தூக்கத்தையும் வேலையையும் தன்மதிப்பையும் கெடுக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும். கெடுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ப்ரொஃபைல்ல இதை எப்படி எழுதுறது? அசிங்கமா தெரியாதா?

"டாம் ஒன்லி, சப் மட்டும் வரவும், ப்ளேஸ் இருக்கா" என்று எழுதுகிறவருக்கு அதே அளவு பதில்தான் வரும். விருப்பத்தை அறிவிப்பது எளிது. அளவைச் சொல்வதுதான் கடினம். எங்களிடம் பேசிய ஒருவர் நான்கைந்து முறை அடித்துத் திருத்தி வைத்த வரி இது: "36 வயது. படுக்கையில் சொல்படி நடக்கப் பிடிக்கும், வெளியே பிடிக்காது. கட்டலாம், அடிக்கக் கூடாது. முதலில் காபி." அசிங்கமாக ஒன்றும் தெரியவில்லை, பாருங்கள். என்ன பிடிக்கும், எது எங்கே முடிகிறது, எதற்கு ஒப்பமாட்டேன், முதல் படி என்ன என்ற நான்கும் அதில் இருக்கின்றன.

முகம் தெரியும் படத்தையும், அலுவலகச் சீருடை அல்லது வீட்டு வாசல் தெரியும் படத்தையும் தவிர்த்துவிடுங்கள். காரணம் கீழே முதல் சந்திப்பைப் பற்றிய பதிலில் வருகிறது.

சப்னு ஒத்துக்கிட்டா டாம் சொல்றதை எல்லாம் செய்யணுமே, நடுவுல நிறுத்தச் சொல்லலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். சொல்லலாம், எந்த நொடியிலும் சொல்லலாம், காரணம் சொல்லாமலும் சொல்லலாம். சப் கொடுப்பதால்தான் டாமிடம் அதிகாரம் இருக்கிறது. கொடுத்தவர் திரும்பக் கேட்டதும் அது அவரிடமே போய்விடும். கடன் பத்திரம் போல ஒருமுறை கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது என்பதல்ல. நியூயார்க்கில் இவ்வகை விருப்பமுள்ள ஆண்களின் சங்கம் ஒன்றில் டேவிட் ஸ்டீன் என்பவர் 1983-இல் எழுதிய "பாதுகாப்பு, நிதானம், சம்மதம்" என்ற மூன்று சொற்களைத்தான் உலகெங்கும் இன்றும் அடிப்படை விதியாகச் சொல்கிறார்கள்.

நடைமுறையில் இது முன்பேச்சில் தொடங்குகிறது. உடைகள் கழல்வதற்கு முன், இருவரும் நிதானமாக இருக்கும்போது, எது சரி, எது கேட்டுவிட்டுத்தான், எது எக்காலத்திலும் கூடாது என்று பேசிவிட வேண்டும். அப்போதே ஒரு நிறுத்தச் சொல்லையும் முடிவு செய்கிறார்கள். "வேணாம், விடு" என்று கெஞ்சுவதே விளையாட்டின் பகுதியாக இருக்கக்கூடும் என்பதால், அந்த நேரத்தில் தற்செயலாக வாயில் வராத ஒரு சொல் தேவைப்படுகிறது. எங்களை அழைக்கும் ஒரு ஜோடியின் சொல் "கத்திரிக்கா". பலர் சிக்னல் விளக்கையே வைத்துக்கொள்கிறார்கள்: பச்சை என்றால் தொடரலாம், மஞ்சள் என்றால் வேகம் குறைக்க வேண்டும், சிவப்பு என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். வாய் கட்டப்பட்டிருந்தால் கையில் ஒரு சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த வேண்டும்போது கீழே போடலாம்.

மூன்று விஷயங்களில் நான் கறாராகவே பேசுவேன். குடித்திருக்கும்போது கட்டுவதும் அடிப்பதும் வேண்டாம். கட்டியவரை அறையில் தனியே விட்டுச் செல்வதும் வேண்டாம். கழுத்தை நெரிப்பதற்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது. இணையத்தில் யார் கற்றுக்கொடுத்தாலும் கிடையாது.

'நிஜமான சப் காண்டம் கேக்க மாட்டான்'னு ஒருத்தர் சொல்றார். அப்படியா?

அப்படிச் சொல்பவர் டாம் இல்லை, உங்கள் உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்படாத ஆள், அவ்வளவுதான். ஆணுறை முன்பேச்சில் முடிவாக வேண்டிய விஷயம்; நடுவில் மாற்ற முடியாத விஷயம். ஏற்கெனவே ஆணுறையில்லாமல் நடந்து பயமாக இருக்கிறதென்றால், 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் எச்ஐவி சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்துக்குச் சென்று தடுப்பு மருந்து கேளுங்கள். 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எச்ஐவி பரிசோதனை அரசு மையங்களில் இலவசம். 1097 என்ற எண்ணில் மேலும் கேட்கலாம்.

முதல் தடவை பார்க்கப் போறேன். ஆளை எப்படி எடை போடுறது?

எங்கள் குழுவுக்கு வரும் ஒரு தம்பி சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். வடபழனியில் ஒரு காபிக் கடை. எதிரே அமர்ந்தவர் பரிமாறுபவரைக் கூப்பிட்டு, "ரெண்டு பில்டர் காபி, சர்க்கரை தூக்கலா" என்றார். இவன், "எனக்கு சர்க்கரை வேணாம்" என்றான். அவர் சிரித்துக்கொண்டே, "நான் சொல்றதைத்தான் நீ குடிக்கணும், அதுதானே பேச்சு" என்றாராம். இவனுக்குள் ஏதோ சில்லென்றது. அது ஆசையா அச்சமா என்று அந்த நேரத்தில் தெரியவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டான். நான் அவன் செய்தது சரி என்றேன். ஏனெனில் அந்த மேசையில் எந்த உடன்பாடும் இன்னும் ஏற்படவில்லை, ஒரு சின்ன "வேணாம்" அங்கேயே செல்லுபடியாகவில்லை. காபியில் தோற்ற சொல் பூட்டிய அறையில் எப்படி வெல்லும்?

ஆகவே பொது இடத்தில் சந்தியுங்கள், ஒன்றை வேண்டுமென்றே மறுத்துப் பாருங்கள், அவர் முகத்தைப் பாருங்கள். நல்ல டாம் உங்களைவிட அதிகக் கேள்விகள் கேட்பார்: மூட்டு வலி உண்டா, மூச்சிரைப்பு உண்டா, எந்தச் சொல் காயப்படுத்தும் என்று. எங்கே போகிறீர்கள் என்பதை நம்பிக்கையான ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆப் வழியாக வரவழைத்து, படம் எடுத்து, வீட்டில் சொல்லிவிடுவோம் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் நம் நகரங்களில் உண்மையாகவே இருக்கின்றன. அப்படி நேர்ந்தால் பணம் கொடுக்காதீர்கள், முதல் தொகையோடு அது நிற்பதில்லை. உரையாடல்களை அழிக்காமல் வைத்திருங்கள். மிரட்டிப் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 308-ஆம் பிரிவின்படி குற்றம்; இணைய வழியில் பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

மாசா மாசம் பணம் அனுப்பச் சொல்றார், ஃபோன் பாஸ்வேர்டும் கேக்குறார். அதுவும் அடங்குறதுல சேர்த்தியா?

முன்பின் பார்த்திராத ஒருவர் கேட்டால் இல்லை. பணத்தைக் கொடுத்து அடங்குவதில் நிறைவு காண்பவர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும், அவர்களைக் குறைசொல்லவும் இல்லை. ஆனால் நிறுத்தச் சொல் அங்கே வேலை செய்கிறதா என்று ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். மிரட்டல் வந்தால் மேலே சொன்ன பதிலுக்குப் போங்கள்.

என் ஜாதியைச் சொல்லித் திட்டணும்னு பார்ட்னர் சொல்றார், அவருக்கு அது பிடிக்குமாம். நான் ஒத்துக்கலாமா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. பேசப் பேசத்தான் புரிந்தது: அழைத்தவர் பட்டியல் சமூகத்தவர், அவருடைய துணை இடைநிலைச் சாதிக்காரர், அழைத்தவரின் சாதியைச் சொல்லித் திட்டித் தான் டாமாக நிற்க விரும்பியவர் துணை. அதாவது "அவருக்குப் பிடிக்கும்" என்ற சொல்லுக்குள் இவருக்குப் பிடிக்குமா என்ற கேள்வி எழவே இல்லை. இழிவுச் சொற்கள் கேட்பதில் கிளர்ச்சி கொள்பவர்கள் உண்டு. ஆனால் "முட்டாள்" என்று அழைக்கப்பட்டவர் அறையை விட்டு வெளியே வந்ததும் முட்டாள் இல்லை என்று ஆகிவிடுகிறார். சாதிச் சொல் அப்படி அறையோடு நிற்பதில்லை, தெருவிலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்த அதே சொல்தான் அது. விளையாட்டுக்குச் சமமான இருவர் வேண்டும், அதிகாரம் ஏற்கெனவே ஒருபக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில் அது விளையாட்டு என்பதை அறிவதே கடினம்.

வேண்டாம் என்பதே என் பதில். அடங்குபவர் தானாக, தன் வாயால், யாரும் தூண்டாமல் கேட்டால்கூட நான் பலமுறை யோசிக்கச் சொல்வேன். வீட்டு வேலைக்காரர், கடனாளி, சம்பளம் கொடுக்கும் முதலாளி ஆகிய உறவுகளிலும் இதே தயக்கம் எனக்கு உண்டு: மறுத்தால் வேலை போகும் என்ற இடத்தில் கிடைக்கும் சம்மதம் சம்மதம்தானா?

சட்டப்படி இது குத்தமா? போலீஸ் பிடிப்பாங்களா?

வயதுவந்த இரு ஆண்கள் ஒப்பி உறவு கொள்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் தீர்ப்பளித்தது. டாம், சப் விளையாட்டுகளுக்கென்று இங்கே தனிச்சட்டம் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவு, 18 வயதைக் கடந்தவர் சம்மதித்து ஏற்ற தீங்கைக் குற்றமாகக் கொள்வதில்லை, உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ நேரும் என்ற நோக்கமும் அறிவும் இல்லாதவரை. சட்டம் அதற்குத் தரும் எடுத்துக்காட்டு வாள்வீச்சுப் பயிற்சி. எலும்பு முறிவு கொடுங்காயம்; அது நேரும் என்று தெரிந்தே செய்தால் சம்மதம் காப்பாற்றாது. பயந்து அல்லது ஏமாந்து கொடுத்தது சம்மதமே அல்ல என்று 28-ஆம் பிரிவு சொல்கிறது.

பிரிட்டனில் இந்தக் கேள்வி வேறு விதமாக முடிந்தது. 1987-இல் ஒரு காணொளி காவல்துறையின் கையில் சிக்கி, தங்களுக்குள் ஒப்பி வலி கொடுத்துக்கொண்ட ஆண்கள் மீது வழக்கு நடந்தது. 1990-இல் பதினாறு பேர் தண்டிக்கப்பட்டனர். 1993-இல் அந்நாட்டின் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் அவை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், உடற்காயத்துக்குச் சம்மதம் தற்காப்பு ஆகாது என்றது. 1997-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் தலையிடவில்லை.

நம் நாட்டில் இப்போதுள்ள ஓட்டை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், ஆண் மீதான வன்புணர்வுக்கும் பயன்பட்ட பழைய 377-ஆம் பிரிவு முழுமையாகவே விடப்பட்டுவிட்டதால், வயதுவந்த ஆண் மீதான பாலியல் வன்புணர்வுக்கென்று நேரடிப் பிரிவு இல்லை. காயப்படுத்துதல், சட்டவிரோதமாக அடைத்து வைத்தல், மிரட்டல் ஆகிய பிரிவுகளில் புகார் கொடுக்கலாம். அதற்கு ஒரு வழக்கறிஞரோடு போவது நல்லது.

எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. ஆனா மறுநாள் முழுக்க அழுகையா வருது, வெட்கமா இருக்கு.

பலருக்கும் இது வருகிறது. உடலும் மனமும் உச்சத்துக்குப் போய் இறங்கும்போது ஏற்படும் சரிவு இது. டாம்களுக்கும் வரும், அவர்கள் சொல்வதில்லை. முடிந்தவுடன் கட்டை அவிழ்த்து, தண்ணீர் கொடுத்து, போர்த்திவிட்டு, அரை மணி நேரமாவது சும்மா கூட இருப்பதும், மறுநாள் "சாப்டியா?" என்று ஒரு செய்தி அனுப்புவதும் இதற்காகத்தான். முன்பேச்சிலேயே இதையும் கேட்டு வாங்குங்கள். அழுகை வாரங்களுக்கு நீடித்தாலோ, நடந்ததில் நீங்கள் ஒப்பாத ஒன்று இருந்ததை நினைத்து வந்தாலோ, அது சரிவு அல்ல. நிறுத்தச் சொல்லைப் பற்றிய பதிலை மறுபடி படித்துவிட்டு எங்களையோ மேலே சொன்ன மனநல எண்ணையோ அழையுங்கள்.

வீட்டுல பொண்ணு பார்க்கிறாங்க. கல்யாணம் ஆனா இந்த ஆசை போயிடுமா?

போகாது. ஆணை விரும்புவதும் போகாது, அடங்க விரும்புவதும் போகாது. நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கை மாட்டிக்கொள்ளும். இதை அழைப்பவர்களிடம் மென்மையாகச் சொல்ல முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன்.

நாங்க ரெண்டு பேரும் நாலு வருஷமா ஒண்ணா இருக்கோம். ரெண்டு பேருமே சப்னு இப்பதான் தெரியுது. பிரியணுமா?

அதற்குள் பிரிய வேண்டாம். நான்கு வருடங்கள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் வேறு பலவற்றில் பொருந்தியிருக்கிறார்கள் என்பதே பொருள். சிலர் அந்த ஒன்றுக்கு மட்டும் இருவரும் ஒப்பி வெளியே ஒருவரைத் தேடுகிறார்கள். அதற்குப் பொறாமையைப் பற்றி நீண்ட முன்பேச்சு தேவைப்படும், எல்லோராலும் அது முடிவதில்லை. சிலர் மாறி மாறி மற்றவருக்காக நடத்தக் கற்றுக்கொள்கிறார்கள். முதலில் நாடகம் போலத் தோன்றும், சிரிப்பு வரும், வரட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஜோடி சமையலறையில் மாட்டிய தினசரி காலண்டரில் சனிக்கிழமைகளுக்கு மட்டும் பென்சிலால் பெயரின் முதல் எழுத்தை எழுதி வைக்கிறது. அந்த எழுத்துக்குரியவர் அன்று டாம். இரண்டு வருடமாக இப்படி ஓடுகிறது, அவர்களில் ஒருவர் இன்னும் கட்டளையிடும்போது "ப்ளீஸ்" சேர்த்துவிடுகிறார் என்பதுதான் மற்றவரின் ஒரே புகார்.